உங்களுக்குத் தெரியுமா? ஒரு நிமிடம் யாருக்கு!

மணி அடித்தால் பேச்சை நிறுத்தப் பழகியவர் நம் மூவார் நாடாளுமன்ற உறுப்பினர் சைட் சாடிக்! பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆசிய விவாதப் போட்டியில் சிறந்த பேச்சாளர் பட்டம் வென்றவர். ஒரு முறையா? மூன்று முறை!

அந்தப் போட்டி எப்படி நடக்கும் தெரியுமா? பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பாணி என்பார்கள். 4 அணிகள், 8 பேச்சாளர்கள், ஆளுக்கு 7 நிமிடம். தலைப்பு கைக்கு வருவது எப்போது? விவாதம் தொடங்க வெறும் 15 நிமிடம் இருக்கும்போது!

முதல் நிமிடம் முடிந்ததும் ஒரு மணி. ஆறாவது நிமிடம் முடிந்ததும் இன்னொரு மணி. இந்த இரண்டு மணிக்கும் நடுவில்தான் எதிரணி எழுந்து குறுக்கிடலாம். பேச்சாளர் அனுமதித்தால் மட்டும்! அனுமதித்தாலும் கிடைப்பது 15 விநாடி!

கூட்டிப் பாருங்கள். ஆதரவாகப் பேசுவோருக்கு 28 நிமிடம். எதிர்த்துப் பேசுவோருக்கும் 28 நிமிடம். அரை நிமிடம்கூட ஏறாது, இறங்காது!

கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்கும் இந்த நியாயம், நாட்டை ஆள வருகிறவர்களின் மேடையில் கிடைக்கிறதா? தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் வியப்புதான். பிடியுங்கள்!

முன்னாள் பிரதமர் முகைதின் யாசின் பிறந்ததும் மூவாரில்தான். 2022 பொதுத் தேர்தலில் பிரதமர் நாற்காலியைக் குறிவைத்து, அவரது கூட்டணி உட்பட மூன்று பெரிய கூட்டணிகள் மோதின. மூன்றின் பிரதமர் வேட்பாளர்களும் ஒன்றாக நின்று மோதிய தொலைக்காட்சி விவாதங்கள் எத்தனை? பூஜ்ஜியம்!

அதே ஆண்டு மே 12. கோலாலம்பூர், ஜாலான் அம்பாங். எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமும் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கும் நேருக்கு நேர்! பொருள்: சபுரா எனர்ஜி நிறுவனத்தைக் காப்பாற்றலாமா, நாடு எந்தத் திசையில் போகிறது. நாடே நேரலையில் பார்த்தது. அடுத்த ஏழு மாதத்துக்குள் என்ன நடந்தது? நஜிப் காஜாங் சிறையில்! அன்வார் பிரதமர் அலுவலகத்தில்!

அன்வாருக்கு விவாத மேடை புதிதல்ல. 2008 ஜூலை 15 இரவு, அப்போதைய தகவல் அமைச்சர் அகமட் ஷாபெரி சிக்குடன் பெட்ரோல் விலை பற்றி மோதினார். டிவி9-இலும் ஆஸ்ட்ரோ அவானியிலும் நேரலை. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரும் அமைச்சர் ஒருவரும் நம் வரவேற்பறையில் சரிசமமாக நின்ற அபூர்வ இரவு அது. நெறியாளர் யார் தெரியுமா? ஜொகூர்க்காரரான ஜொஹான் ஜாபார்! விடிந்தது. மதியம் அன்வார் கைது செய்யப்பட்டார். விவாதம் முடிந்து 24 மணி நேரம்கூட ஆகவில்லை!

2012 பிப்ரவரி 18. ம.சீ.ச. தலைவர் சுவா சொய் லெக் ஒரு பக்கம். ஜ.செ.க.வின் லிம் குவான் எங் மறுபக்கம். விவாதம் முழுக்க முழுக்க மாண்டரின் மொழியில்! சுவா நம் ஜொகூரின் லாபிஸ் தொகுதியில் எம்.பி.யாக இருந்தவர். லிம் அப்போது பினாங்கு முதலமைச்சர். ஆனால் அவர் பிறந்த ஊர்? ஜொகூர் பாரு! அதே ஆண்டு ஜூலையில் இரண்டாவது சுற்றுக்கும் இருவரும் வந்தார்கள். மேடை கொடுத்தால் தலைவர்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2015 ஜூன் 5. கோலாலம்பூர் புத்ரா உலக வாணிப மையம். "மறைக்க ஒன்றுமில்லை" என்ற தலைப்பில் கலந்துரையாடல். பிரதமர் நஜிப் வரவேண்டும். வரவில்லை! முன்னாள் பிரதமர் மகாதீர் வந்தார், ஒலிவாங்கியைப் பிடித்தார், பேசத் தொடங்கினார். சில நிமிடங்கள்தான். காவல்துறை மேடையேறி நிறுத்தியது! 22 ஆண்டு நாட்டை ஆண்டவருக்கே பேச நேரம் இல்லை!

2013 பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சிகளுக்கு அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம். தர முன்வந்த நேரம் எவ்வளவு? 10 நிமிடம்! ஒரு நாட்டின் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பத்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது? எனக்கு இன்றும் ஆறவில்லை.

பாலத்தைத் தாண்டுவோம். சிங்கப்பூரில் தேர்தல் வந்தால் கட்சிகளுக்குத் தொலைக்காட்சியில் இலவச நேரம் உண்டு. குறைந்தது 6 வேட்பாளர்களை நிறுத்த வேண்டும். 5 பேரை நிறுத்தினால்? ஒரு விநாடியும் கிடையாது! அதிக வேட்பாளர் என்றால் அதிக நிமிடம். பேசும் மொழிகள் நான்கு. அதில் நம் தமிழும் ஒன்று!

ஆனால் 2020 ஜூலை 1 அன்று அங்கே நடந்த நேரடி விவாதங்கள் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் மட்டும். தமிழில் விவாதம் இல்லை. மலாயிலும் இல்லை! வாசித்துவிட்டுப் போகும் உரைக்கு நான்கு மொழி. பதிலுக்குப் பதில் பேச இரண்டே மொழி!

மூவார் கடலுக்கு அந்தக் கரை இந்தோனேசியா. 2024 அதிபர் தேர்தலுக்கு அங்கே எத்தனை விவாதம் தெரியுமா? ஐந்து! அதிபர் வேட்பாளர்களுக்கு மூன்று, துணை அதிபர் வேட்பாளர்களுக்கு இரண்டு. நடத்துவது தேர்தல் ஆணையமே!

அதே ஆணையம் 2019-இல் செய்ததைக் கேளுங்கள். முதல் விவாதத்துக்கான கேள்விகளை வேட்பாளர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டது! பரீட்சைக்கு முன்பே வினாத்தாள்! மக்கள் கொதித்தார்கள்.

இந்தியாவுக்குப் போவோமா? 1998 முதல் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் இலவச நேரம். சட்டமன்றத் தேர்தல் என்றால் அடிப்படை நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான்: 45 நிமிடம்! கூடுதல் நேரம் போன தேர்தலில் வாங்கிய வாக்கைப் பொறுத்தது. யார் எப்போது பேசுவது? குலுக்கல்! கொரோனா காலத்தில் நடந்த 2021 தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு அந்த 45 இரட்டிப்பானது. 90 நிமிடம்!

நேரம் கொடுத்தால் போதுமா? 2024-இல் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உரையிலிருந்து சில சொற்களை நீக்கச் சொன்னது அரசு ஒலிபரப்பு நிறுவனம். முஸ்லிம்கள் என்ற சொல்லைப் பேசக்கூடாது என்றார்கள் இன்னொரு தலைவரிடம். கடிகாரம் நியாயமாக ஓடியது. கத்தரிக்கோலும் ஓடியது!

அதே ஆண்டு மே மாதம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி. ஷா, மூத்த பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடிக்கும் ராகுல் காந்திக்கும் கடிதம் எழுதினார்கள். ஒரே மேடைக்கு வாருங்கள் என்றார்கள். ராகுல் சம்மதித்தார். விவாதம் நடந்ததா? நடக்கவே இல்லை! 96 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்த தேர்தல் அது!

இனி எல்லாவற்றுக்கும் பாட்டன். 1960 செப்டம்பர் 26, சிகாகோ. அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் கென்னடியும் நிக்சனும். தொடக்க உரை ஆளுக்கு 8 நிமிடம். இன்றைக்கு எட்டு நிமிடம் தொடர்ந்து பேச எந்தத் தொலைக்காட்சி விடும்?

இதில் ஒரு ரகசியம். ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் மற்ற எல்லா வேட்பாளருக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்த நியாயச் சட்டத்தை நாடாளுமன்றமே தற்காலிகமாக நிறுத்திவைத்த பிறகுதான் இந்த இருவர் விவாதம் நடந்தது! அடுத்த அதிபர் விவாதத்துக்கு அமெரிக்கா எத்தனை ஆண்டு காத்திருந்தது? 16!

மூன்றாவது விவாதத்தில் கென்னடி நியூயார்க்கில். நிக்சன் லாஸ் ஏஞ்சலிஸில். இடையே ஒரு கண்டத்தின் அகலம்! திரையைப் பாதியாகப் பிளந்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்கள். அப்போது ஜூம் இல்லை, இணையம் இல்லை. ஆண்டு 1960!

எல்லாரும் கென்னடி–நிக்சன் என்பார்கள். அவர்களுக்கு நான்கு ஆண்டு முன்பே, 1956 நவம்பரில், அதிபர் தேர்தலுக்காகத் தேசியத் தொலைக்காட்சியில் மோதியவர்கள் யார் தெரியுமா? இரண்டு பெண்கள்! எலினோர் ரூஸ்வெல்ட்டும் செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித்தும். வேட்பாளர்கள் வரவில்லை. அவர்களுக்காக வாதாட வந்த பெண்கள் வரலாறு படைத்தார்கள்!

1976 செப்டம்பர் 23, பிலடெல்பியா. இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். அதிபர் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் மேடையில். கார்ட்டர் பேசிக்கொண்டே இருக்கிறார். திடீரென்று ஒலி போய்விட்டது! படம் வருகிறது, குரல் இல்லை. கோடிக்கணக்கான கண்கள் பார்க்கின்றன. இருவரும் என்ன செய்தார்கள்? ஒன்றுமே செய்யவில்லை! நாற்காலியில் உட்காரவில்லை. கை குலுக்கவில்லை.  முதலில் அசைபவர் பலவீனமாகத் தெரிவாரோ என்று சிலையாய் நின்றார்கள். எவ்வளவு நேரம்? 27 நிமிடம்! என் கணக்கில் உலகிலேயே மிகச் சமமாகப் பங்கிடப்பட்ட விவாத நேரம் இதுதான்!

2004-இல் புஷ்ஷும் கெர்ரியும் மோதுவதற்கு முன் இரு தரப்பும் போட்ட ஒப்பந்தம் எத்தனை பக்கம்? 32! மேடைக்கு மேடை இடைவெளி 10 அடி என்றது அது. எஞ்சிய நேரத்தைச் சொல்ல வண்ண விளக்குகள். 30 விநாடிக்குப் பச்சை. 15-க்கு மஞ்சள். 5-க்குச் சிவப்பு!

2019 ஜூன், மயாமி. ஜனநாயகக் கட்சியில் 20 வேட்பாளர்கள். பத்துப் பத்துப் பேராக இரண்டு இரவு. இரண்டு மணி நேர விவாதத்தில் ஜோ பைடன் பேசியது 13 நிமிடத்துக்கும் மேல். அதே மேடையில் நின்ற ஆண்ட்ரூ யாங்குக்குக் கிடைத்தது? ஏறக்குறைய 3 நிமிடம்! மேடை ஒன்று, விளக்கு ஒன்று, நேரம் மட்டும் நான்கில் ஒரு பங்கு!

2020 செப்டம்பரில் டிரம்பும் பைடனும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். ஒரு வாக்கியமும் விளங்கவில்லை. அடுத்த விவாதத்தில் தொடக்கப் பதிலுக்கான 2 நிமிடமும் எதிராளியின் ஒலிவாங்கி அணைக்கப்பட்டது! 2024-இல் இன்னும் கறார். யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் கடைசியில் பேசுவது என்பதற்கு நாணயம் சுண்டினார்கள்!

இவ்வளவு செய்தும் என்ன ஆனது தெரியுமா? 2024 ஜூனில் பைடனைவிட டிரம்ப் கூடுதலாகப் பேசியது சுமார் 5 நிமிடம். செப்டம்பரில் கமலா ஹாரிஸைவிடக் கூடுதலாகப் பேசியதும் சுமார் 5 நிமிடம்! பட்டனை அணைத்தால் போதாது. நெறியாளர் "சரி, சொல்லுங்கள்" என்று விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தராசு சாய்கிறது. நம் ஊரில் விவாதம் நடத்தப் போகிறவர்கள் இதை எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்!

விநாடிக் கணக்கில் ராஜா யார்? பிரான்ஸ்! 1974-இல் நடந்த முதல் அதிபர் விவாதத்திலேயே கடிகாரம் வைத்து இருவர் நேரத்தையும் அளந்தார்கள். இன்றும் திரையில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. அது மட்டுமா? வாக்குப்பதிவுக்கு முந்தைய அதிகாரபூர்வப் பிரசாரக் காலத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் எல்லா வேட்பாளருக்கும் சம நேரம் தந்தே ஆக வேண்டும். 2022-இல் 12 வேட்பாளர்கள். பன்னிரண்டு பேருக்கும் சமம்!

1981-இல் அதிபர் வேட்பாளர் மித்தரோன் தரப்பு விவாதத்துக்கு வர எத்தனை நிபந்தனை போட்டது? 21! ஒருவர் பேசும்போது கேமரா மற்றவர் முகத்தைக் காட்டக்கூடாது என்பது அதில் முக்கியமானது. எதிராளி உதட்டைச் சுழித்தால் அதுவும் ஒரு பேச்சுத்தானே! எவ்வளவு நுட்பமான கவனிப்பு!

2012 அதிபர் விவாதத்தில் வேட்பாளர் ஒல்லாந்த் "நான் அதிபரானால்" என்ற பொருளில் ஒரே தொடக்கத்தோடு அடுக்கிய வாக்கியங்கள் 15! மூன்று நிமிடத்துக்கு மேல் மூச்சுவிடாமல் அடுக்கினார். எதிரே இருந்த அதிபர் சர்க்கோசி குறுக்கிடவே இல்லை. தேர்தலில் தோற்றார்!

பிரிட்டன் முதல் தலைவர்கள் விவாதத்தைப் பார்த்தது எப்போது? 2010-இல்தான்! நாடாளுமன்றங்களின் தாய் என்று பெயரெடுத்த நாடு, அமெரிக்காவுக்கு 50 ஆண்டு பின்னால்! அதற்கு எழுதிய விதிகள் 76. கேள்விக்குப் பதில் ஆளுக்கு 1 நிமிடம். மறுமொழி ஆளுக்கு 1 நிமிடம். நடுவில் கைதட்டத் தடை!

2019 நவம்பர் 28. சானல் 4-இல் பருவநிலை விவாதம். பிரதமர் போரிஸ் ஜான்சன் வரவில்லை. அவர் இடத்தில் என்ன வைத்தார்கள் தெரியுமா? பனிக்கட்டியில் செதுக்கிய பூமி உருண்டை! விவாதம் முழுக்க அது உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஜான்சனுக்குப் பதில் நான் பேசுகிறேன் என்று அமைச்சர் மைக்கேல் கோவ் அரங்குக்கே வந்தார். ஜான்சனின் அப்பாவும் கூடவே வந்தார்! உள்ளே விடவில்லை. தலைவர்கள் விவாதத்துக்குத் தலைவர்தான் வரவேண்டும்! ஆளும் கட்சி புகார் கொடுத்தது. ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு தள்ளுபடி செய்தது!

வராவிட்டால் தண்டனை என்று சட்டமே போட்ட நாடு அர்ஜென்டினா! அதிபர் வேட்பாளர் விவாதத்தைத் தவிர்த்தால் அவருக்கான இலவச விளம்பர நேரம் மற்ற வேட்பாளர்களுக்குப் போய்விடும். அவர் நிற்க வேண்டிய இடம் மேடையில் காலியாகவே இருக்கும். நாடே பார்க்கும்! சொல்லப்போனால் நம் நாட்டுக்கு இன்றே வேண்டியது இந்தச் சட்டம்தான்.

கென்யா, 2022 ஜூலை. விவாதம் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஒருவர் மேடையேறவில்லை. மற்றவர் தனியாகப் பேசினார். இரண்டாம் கட்டத்தில் ராய்லா ஒடிங்கா வரவில்லை. வில்லியம் ரூட்டோ தனியாகப் பேசினார். இரண்டு விவாதம், இரண்டிலும் ஒற்றை ஆள்! அடுத்த மாதம் அதிபர் தேர்தலில் வென்றது யார்? தனியாகப் பேசிய ரூட்டோ!

நியூசிலாந்து, 2005. சிறிய கட்சித் தலைவர்கள் இருவரை ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைக்கவில்லை. இருவரும் நேராக நீதிமன்றம் போனார்கள். நீதிபதி சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்தார்கள்!

கனடா, 2025. பசுமைக் கட்சி விவாதத்துக்கு வரலாம் என்றார்கள். 90 சதவீதத் தொகுதிகளில் ஆள் நிறுத்த வேண்டும் என்ற விதியில் இடித்தது. அழைப்பை ரத்து செய்தது எப்போது? பிரெஞ்சு விவாதம் நடக்கும் நாள் காலையில்! அதே விவாதத்தின் நேரத்தை மாலை 6 மணிக்கு முன்னுக்குத் தள்ளியதற்குக் காரணம்? மான்ட்ரியல் அணியின் ஐஸ் ஹாக்கி ஆட்டம்! ஹாக்கிக்கு வழி விட்டார்கள். ஒரு கட்சிக்கு விடவில்லை!

ஆஸ்திரேலியத் தேர்தல் விவாதங்களில், பிடித்தது பிடிக்காததைக் காட்டப் பார்வையாளர் கையிலுள்ள கருவியை இயக்க இயக்க, தலைவர் பேசும்போதே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கியதுண்டு. புழு என்று செல்லப் பெயர்! 2007-இல் அந்தப் புழுவைக் காட்டியதற்காக ஒரு சானலுக்குப் போன ஒளிபரப்பையே பாதியில் வெட்டிவிட்டார்கள்!

கடைசியாக, வியப்பின் சுரங்கமான பிரேசில்!

1989. கொலோரும் லூலாவும் மோதிய விவாதத்தை மறுநாள் குளோபோ தொலைக்காட்சி செய்தியில் சுருக்கிக் காட்டியது. சுருக்கத்தில் கொலோருக்கு லூலாவைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் அதிகம்! விவாதத்தை நியாயமாக நடத்தி, மறுநாள் செய்தியில் கோட்டை விட்டார்கள். கொலோர் அதிபரானார். சர்ச்சை இன்றும் ஓயவில்லை!

2022 அக்டோபர் 16. லூலாவுக்கும் பொல்சனாரோவுக்கும் ஆளுக்கு 15 நிமிட நேர வங்கி. எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம். லூலா முதலிலேயே அள்ளிச் செலவழித்துவிட்டார். கையில் விநாடி இல்லை! மிச்சமிருந்த 5 நிமிடத்துக்கும் மேல் பொல்சனாரோ தனி ஆவர்த்தனம். லூலா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சம நேரம் கொடுத்தால் மட்டும் போதாது, செலவழிக்கவும் தெரிய வேண்டும்! மூவாரில் மணியடித்துப் பழகும் பள்ளிப் பிள்ளைகளே, கவனித்தீர்களா?

2024 செப்டம்பர், சாவ் பாவ்லோ மேயர் விவாதம். ஒரு வேட்பாளர் இன்னொரு வேட்பாளரை நாற்காலியால் அடித்தார். நேரலையில்! இரண்டே நாளில் அடுத்த விவாதம். நாற்காலிகளைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள்!

இன்னொன்று சொல்லாமல் விட மாட்டேன். 1989 அதிபர் தேர்தலில் எனேயாஸ் கார்னேரோ என்ற மருத்துவருக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த இலவச நேரம் சுமார் 15 விநாடி. ஆமாம், விநாடி! அடர்ந்த தாடி, பெரிய கண்ணாடி, மின்னல் வேகப் பேச்சு. முடிக்கும்போது தன் பெயரை உரக்கச் சொல்வார். அவ்வளவுதான், நேரம் முடிந்தது. அடுத்த அதிபர் தேர்தலில், 1994-இல், அவருக்கு மூன்றாம் இடம். வாங்கிய வாக்குகள் 4.6 மில்லியனுக்கும் மேல்!